இசைவாணையும் பாலாற்று நீரும்

வாணியம்பாடி தொடங்கி ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை வரையில், பாலாற்றங்கரை ஊர்களில் வாழும் நம் சமுதாயக் குடும்பங்களுள் தோல் தொழிலோடு ஏதேனும் ஒரு வகையில் தொடர்பில்லாத குடும்பம் அரிது எனலாம். ஒரு வீட்டில் தொழிற்சாலை உரிமையாளர் இருப்பார். அடுத்த வீட்டில் கணக்கர். அதற்கடுத்த தெருவில் காலணித் தொழிற்சாலைக்குத் தையல் வேலைக்குச் செல்லும் பெண்மணி. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி, மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி போன்ற கல்விக்கூடங்கள் எழுந்ததிலும், பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் நிலைபெற்றதிலும் தோல் வணிகர்களின் கொடைக்குப் பெரும் பங்குண்டு. ஆம்பூர் பிரியாணியின் மணம் உலகறிந்தது என்றால், ஆம்பூர்த் தோலின் தரமும் உலகறிந்ததே.

இதே ஊர்களில்தான் கிணற்று நீரை வாயில் வைக்க முடியாத நிலையும் ஏற்பட்டது. கிணறு இருந்தும் கேன் தண்ணீரை விலை கொடுத்து வாங்கும் இல்லத்தரசிகளுக்கு இதனை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாலாற்றின் கரையிலே குடியிருப்பவர்களுக்கு மேட்டூரிலிருந்து காவிரி நீரைக் குழாய் வழியே கொண்டுவர வேண்டியதாயிற்று என்பதே போதுமான சான்று.

தொழிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்று அனைவரும் சொல்கிறோம். இரண்டுக்கும் நடுவே நின்று நியாயம் செய்வதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. எந்தத் தொழிற்சாலை எங்கே அமையலாம், எவ்வளவு கழிவை வெளியேற்றலாம் என்று திட்டமிட்டு அனுமதி வழங்கும் சட்டம் அது. அரசு அதனை ‘இசைவாணை’ என்று அழைக்கிறது. அச்சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று தொழில்துறையினர் சொல்கின்றனர். சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் சொல்கின்றனர். மத்திய அரசு திருத்திக்கொண்டும் வருகிறது. எந்த நெறியின்படித் திருத்துவது என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேட நம் மாவட்டத்தை விடச் சிறந்த பாடநூல் இந்தியாவில் இல்லை என்பது நம் எண்ணம்.

ஆவாரம்பட்டையிலிருந்து குரோமியத்திற்கு

பழைய நாட்களில் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் பயன்பட்டன. அக்கழிவும் நாறியது, ஆயினும் நிலத்தை நிரந்தரமாக மலடாக்கும் வன்மை அதற்கு இருக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்று, பதனிடாத தோலாகவும் அரைகுறையாகப் பதனிட்ட தோலாகவும் ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுமை பெற்ற தோலாகவும் காலணியாகவும் அனுப்பினால் சலுகை என்றது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி பெருகியது. நம் ஊர்களில் வேலைவாய்ப்பும் பெருகியது. கூடவே, விரைவாகப் பதனிடும் குரோமிய முறை வேரூன்றியது. அம்முறையில் ஏறத்தாழ 170 வகை இரசாயனங்கள் பயன்படுகின்றன என்றும், ஒரு கிலோ தோலை முடித்தெடுக்கச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும் பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முன் எடுத்துரைக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழிலை இந்தப் பாதைக்குத் திருப்பியது அரசின் திட்டம்தான். இவ்வளவு தோலை இந்த வறண்ட ஆற்றங்கரையில் முடித்தெடுத்தால் கழிவு நீர் எங்கே போகும் என்று அந்நாளில் எவரும் திட்டமிடவில்லை. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. அதன் நீர் மணலுக்கு அடியில் ஓடுகிறது. நம் முன்னோர் ஊற்றுக்கால் தோண்டி அந்நீரை வயலுக்குப் பாய்ச்சினர். வற்றாத ஆறாயின் வெள்ளம் வந்து கழிவைக் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோகும். இங்கே மேலே விட்டது மணலில் இறங்கி, அடியிலுள்ள ஊற்றிலேயே தங்கிவிடுகிறது.

தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம் 1974இல் நிறைவேறியது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. அச்சட்டத்தின் 25ஆம் பிரிவு, வாரியத்தின் முன் இசைவு பெறாமல் கழிவு நீரை வெளியேற்றும் தொழிலைத் தொடங்கலாகாது என்கிறது. 1989 மார்ச் 30ஆம் நாளிட்ட 213ஆம் எண் அரசாணையின் மூலம், ஆறு, ஓடை, அணை முதலியவற்றின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் மிகுதியாக மாசுபடுத்தும் தொழிற்சாலைகளை அமைக்கக் கூடாது என்று தமிழக அரசும் தடை விதித்தது. ஆக, சட்டம் இல்லை என்று எவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆணை வருவதற்கு முன்பே நூற்றுக்கணக்கான தொழிற்சாலைகள் ஆற்றங்கரையிலே அமர்ந்துவிட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் நடத்திய ஆய்வின்படி, தோல் தொழில் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிருந்தது.

வேலூர் என்னும் பெயர் கொண்ட தீர்ப்பு

1991இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா வாதாடினார். ஐந்தாண்டுகளில் தொழிற்சாலைகளுக்கு நீதிமன்றம் தவணைமேல் தவணை வழங்கியது. இறுதியில் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. இன்று உலகின் பல நாட்டுச் சட்டக் கல்லூரிகளில் மாணவர்கள் நம் ஊரின் பெயரைச் சொல்லியே அத்தீர்ப்பைப் படிக்கின்றனர்.

அத்தீர்ப்பு இரண்டு நெறிகளை இந்த நாட்டின் சட்டமாக ஏற்றது. முதலாவது, முன்னெச்சரிக்கை நெறி. கேடு விளையும் என்பது அறிவியல் வழியில் ஐயமற நிறுவப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கேடு கடுமையானதாகவும் மீட்க முடியாததாகவும் இருக்கக்கூடுமானால் முன்னதாகவே தடுக்க வேண்டும். தன் தொழிலால் தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. கெட்டுப்போன கிணற்றின் சொந்தக்காரர் ஆய்வுக்கூடம் தேடி அலைய வேண்டியதில்லை. இரண்டாவது, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி. பாதிக்கப்பட்ட குடும்பத்திற்கு இழப்பீடு தருவதோடு இது முடிவதில்லை. கெட்ட நிலத்தையும் நீரையும் பழைய நிலைக்கு மீட்கும் செலவும் மாசுபடுத்தியவர் தலையிலேயே விழும்.

ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 1996 நவம்பர் 30ஆம் நாளுக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ தனிச் சுத்திகரிப்புக் கருவியோ அமைக்க வேண்டும். உரிய இசைவாணை பெறாதவை மூடப்பட வேண்டும் என்று உத்தரவாயிற்று. சென்னை உயர் நீதிமன்றத்தில் ‘பசுமை அமர்வு’ ஒன்று அமைக்கவும் தீர்ப்பு வழிசெய்தது. இழப்பைக் கணக்கிட ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் சூழலிழப்பு ஆணையம் ஏற்பட்டது.

அந்த ஆணையம் 2001 மார்ச் மாதத்தில் தன் முடிவை அறிவித்தது. வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டோர் 29,193 பேர். ஈடு செய்ய வேண்டிய தொழிற்சாலைகள் 547. தொகை ஏறத்தாழ 26 கோடியே 82 இலட்சம் ரூபாய். 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் வரையிலான இழப்புக்கு. கோடி என்றதும் பெரிதாகத் தோன்றும். வாசகர்களே வகுத்துப் பாருங்கள்! ஒருவருக்குச் சராசரியாக 9,200 ரூபாயை எட்டவில்லை. அதனை ஏழு ஆண்டு ஐந்து மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் நூறு ரூபாய் சொச்சம். நாளொன்றுக்கு மூன்றரை ரூபாய்க்கும் குறைவு. ஒரு தென்னந்தோப்பு பட்டுப்போனதற்கும், ஒரு கிணறு உப்பாகிப் போனதற்கும் நாம் வைத்த விலை இது! அதையும் பெறுவதற்குள் எத்தனை முறையீடுகள், எத்தனை மேல்முறையீடுகள்!

2025 ஜனவரி 30ஆம் நாள் இந்த நீண்ட வழக்கின் தொடர்ச்சியில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் மீண்டும் ஒரு தீர்ப்பை வழங்க நேர்ந்தது. நிலுவையிலுள்ள இழப்பீட்டை மாநில அரசு ஆறு வாரங்களுக்குள் வழங்கிவிட்டு, பின்னர்த் தொழிற்சாலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். பாலாற்றை மீட்கும் பணிக்கென்று குழு அமைக்க வேண்டும். நீதிமன்றம் தொடர்ந்து கண்காணிக்கும் என்று அதில் கூறப்பட்டது. மாசுபடுத்தியவர் செலுத்தத் தவறினால் மக்கள் காத்துக் கிடக்கலாகாது, தன் கடமையில் தவறிய அரசே முதலில் செலுத்த வேண்டும் என்ற கருத்து அத்தீர்ப்பின் உயிர்நாடி. முதல் மனு 1991. இந்தத் தீர்ப்பு 2025. அந்த ஆண்டு பிறந்த குழந்தை 34 வயதை எட்டி, தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிக் கொண்டிருக்கும்.

அளவுகோலில் உள்ள ஓட்டை

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் கிணறு இனிக்கவில்லை? சட்டத்தை மீறியவர்கள் இருக்கின்றனர் என்பது உண்மையே. மழை பெய்யும் இரவுகளில் கழிவு திறந்துவிடப்படுகிறது என்ற குற்றச்சாட்டு ஆற்றங்கரை ஊர்களில் இன்றளவும் எழுகிறது. ஆனால் மீறலை மட்டும் பேசினால் பாதிக் கதைதான். சட்டத்தை முழுதும் மதித்து நடந்தாலும் கிணறு உப்பாகும் என்பதே மறுபாதி.

வெளியேற்றும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது வாரியத்தின் அளவுகோல். இந்தியத் தர நிறுவனம் குடிநீரில் விரும்பத்தக்கதாகச் சொல்வது 500; வேறு நீரே இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளலாம் என்பது 2,000. ஆக, சட்டப்படி ‘சுத்தமான’ கழிவு நீரே குடிநீரின் கடைசி எல்லையைத் தாண்டியது. இன்னும் கேளுங்கள். நாளொன்றுக்குப் பத்து இலட்சம் லிட்டர் நீரை இந்த அளவிலேயே வெளியேற்றினால், அதனோடு 2,100 கிலோ உப்பு மண்ணில் இறங்கும். ஓராண்டில் எழுநூறு டன்னுக்கு மேல்! அத்தனையும் சட்டபூர்வமாக. அடுத்தடுத்து நூறு ஆலைகள் இருந்தாலும் வாரியம் ஒவ்வோர் ஆலையின் குழாய் வாயிலையும் தனித்தனியே அளந்து ‘சரி’ என்று எழுதும். எல்லாக் குழாய்களும் சேர்ந்து ஆற்றின் அடியில் செய்வதைச் சொல்வதற்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

உயிரியல் முறைச் சுத்திகரிப்பு நாற்றத்தைப் போக்கும். குரோமியத்தைப் படியச் செய்து பிரித்தெடுக்க இயலும். உப்பு மட்டும் எதற்கும் அசையாது. ஆகவே 2000க்குப் பின்னர், துளி நீரும் வெளியேறாத முறை வற்புறுத்தப்பட்டது. சவ்வூடு பரவல் மூலம் நீரைப் பிரித்து, எஞ்சிய உப்புக் கரைசலைக் கொதிகலன்களில் வற்றச் செய்கின்றனர். மின்சாரமும் விறகும் பெருஞ்செலவு பிடிக்கின்றன. சிறு தொழில் நடத்துவோர் படும் சிரமம் உண்மையானது. அதனை நாம் எள்ளி நகையாடலாகாது. வற்றிய பின் கிடைப்பது எதற்கும் உதவாத கலப்பு உப்பு. அது கிடங்குகளில் குவிகிறது. நீரில் இருந்த பிரச்சினை மூட்டைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே. பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தூவும் உப்பை, ஊறவைப்பதற்கு முன்பே உதறி எடுத்துவிட்டால் சுமையின் ஒரு பகுதி குறையும் என்று சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. இசைவாணையோ கழிவு வெளியேறும் வாயிலைப் பற்றிப் பேசுகிறதேயொழிய, உப்பு நுழையும் வாயிலைப் பற்றிப் பேசுவதில்லை.

2015 ஜனவரி 31ஆம் நாள் அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் நடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அடுத்திருந்த தொழிற்சாலையில் உறங்கிக் கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கசடில் மூழ்கி இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அந்தத் தொட்டி வாரியத்தின் அனுமதியின்றிக் கட்டப்பட்டது என்று அப்போது தெரிவிக்கப்பட்டது. மாசைத் தடுப்பதற்கென்றே எழுந்த நிலையத்திற்குள் உயிர் குடிக்கும் அளவுக்குப் பெரிய தொட்டி எழும்பும்வரை ஆய்வாளர் கண்ணில் படவில்லை என்றால், இசைவாணை என்பது கோப்பில் உள்ள தாளாக மட்டுமே இருந்தது என்று பொருள்.

அதே ராணிப்பேட்டையில், 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலையின் வளாகத்தில் இரண்டு இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு மலைபோல் விடப்பட்டது. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகில் மிகவும் மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இடம்பெற்றது. தொழில் தொடங்கும்போதே, மூடும்போது தேவைப்படும் துப்புரவுச் செலவுக்கு வைப்புத்தொகை பெற்றிருந்தால் அந்த மலை இருந்திருக்குமா?

சொல்லுக்கும் செயலுக்கும் இடையே ஒரு சான்று

‘கடுமையான விதி வந்தால் தொழில் நசிந்துவிடும்’ என்ற வாதம் எப்போதும் எழுவது. அதற்கு நம் ஊர் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. பூஞ்சை பிடிக்காமலிருக்கத் தோலில் சேர்க்கப்பட்ட பென்டாகுளோரோபீனால் என்ற இரசாயனத்தை 1989இல் ஜெர்மனி தடை செய்தது. 1990களில் சிலவகை அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. சரக்கு துறைமுகத்திலிருந்து திரும்பி வரும் நிலை ஏற்பட்டதும், ஆய்வு நிலையமும் அரசும் தொழிற்சாலைகளும் ஒன்றுகூடி மாற்று இரசாயனங்களைக் கண்டறிந்து, சில ஆண்டுகளிலேயே மாறிக்கொண்டன. தொழில் நசியவில்லை. ஜெர்மானியரின் பாதங்களைக் காக்கச் சில ஆண்டுகளில் முடிந்தது, நம் பிள்ளைகளின் குடிநீரைக் காக்க முப்பதாண்டுகளிலும் முடியவில்லை! மனிதர்கள் ஒன்றே, திறமையும் ஒன்றே. அங்கே விதி தெளிவாக இருந்தது. சோதனை நிச்சயமாக இருந்தது. தவறினால் இழப்பு உடனே வந்தது. இங்கே இம்மூன்றும் தளர்ந்திருந்தன.

திருத்தம் எந்தத் திசையில்?

2014இல் முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர். சுப்ரமணியன் தலைமையில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்து, சுற்றுச்சூழல் சட்டங்களை ஒருசேர ஆராயச் செய்தது. தொழில் தொடங்குவோர் தாமே தரும் உறுதிமொழியை ‘முழு நல்லெண்ணத்தோடு’ நம்ப வேண்டும். பொய் எனத் தெரிந்தால் கடுமையாகத் தண்டிக்கலாம் என்பது அக்குழு முன்வைத்த கருத்துகளுள் ஒன்று. நாடாளுமன்ற நிலைக்குழு அவ்வறிக்கையை ஏற்கவில்லை. நம்பிக்கை என்பது உயர்ந்த பண்புதான். ஆயினும் ஒருவர் பொருளை மற்றொருவரிடம் அமானிதமாக ஒப்படைக்கும்போதுகூடச் சாட்சி வைத்துக்கொள்வது நம் வழக்கம். ஊரார் கிணற்றை ஒப்படைப்பதற்குச் சாட்சி வேண்டாமா?

பின்னர் வந்த திருத்தங்கள் வேறு வழியில் சென்றன. 2023இன் ஜன் விஸ்வாஸ் சட்டமும், 2024இன் தண்ணீர்ச் சட்டத் திருத்தமும் பல குற்றங்களுக்கான சிறைத் தண்டனையை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 இலட்சம் ரூபாய் வரையிலான தண்டத்தொகையாக மாற்றின. சில வகைத் தொழில்களுக்கு இசைவாணையிலிருந்தே விலக்கு அளிக்கும் அதிகாரத்தையும் 2024இன் திருத்தம் மத்திய அரசுக்கு வழங்கியது. அது முதலில் இமாசலப் பிரதேசம், இராஜஸ்தான் மாநிலங்களிலும் மத்திய ஆட்சிப் பகுதிகளிலும் நடைமுறைக்கு வந்தது. மற்ற மாநிலங்கள் தீர்மானம் நிறைவேற்றி ஏற்கலாம். அற்ப ஆவணப் பிழைக்காக ஒரு சிறு தொழிலதிபரைச் சிறைக்கு அனுப்புவது நியாயமன்று. அதனை நீக்கியதில் தவறில்லை. ஆனால் கீழெல்லையைப் பாருங்கள்: பத்தாயிரம். 1996இல் குல்தீப் சிங் விதித்த அதே பத்தாயிரம்! அன்றைய பத்தாயிரத்தில் வாங்கிய பொருளை இன்றைய பத்தாயிரத்தில் வாங்க முடியுமா? மாசுபடுத்திச் சேமித்த தொகையை விடத் தண்டம் குறைவாக இருந்தால், அது தண்டமாக நில்லாது, கட்டணமாகிவிடும்.

முன் அனுமதி இன்றித் தொடங்கிவிட்டுப் பிறகு அனுமதி கோரும் வழக்கமும் நாடெங்கும் உண்டு. 2025 மே மாதம் அவ்வாறான பின்னனுமதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் பெரிய அமர்வு, இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. ‘முன்’ என்ற சொல்லுக்கு முன் என்றே பொருள் கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. நிக்காஹ் முடிந்த பிறகு மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்பார் உண்டோ?

சட்டங்களை எல்லாம் திரட்டி ஒன்றாக்கிவிட்டால் சிக்கல் தீரும் என்று நினைப்போரும் உளர். நியூசிலாந்து அதனைச் செய்து பார்த்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட சட்டங்களை நீக்கி 1991இல் ஒரே வள மேலாண்மைச் சட்டத்தை இயற்றியது. முப்பதாண்டுகளில் வீடு கட்டுவோர் தாமதம் என்றனர். ஆறுகளை நேசிப்போர் பால் பண்ணைகளால் நீர் கெட்டது என்றனர். ஓய்வுபெற்ற நீதிபதி டோனி ராண்டர்சன் தலைமைக் குழு 2020இல் அளித்த அறிக்கை, தனித்தனி அனுமதிகள் ஒன்றுசேர்ந்து விளைவிக்கும் கேட்டை அச்சட்டம் தடுக்கத் தவறியதைச் சுட்டிக்காட்டி, மீறக்கூடாத சூழல் எல்லைகளை முதலில் வகுக்க வேண்டும் என்றது. 2023 ஆகஸ்டில் இரு புதிய சட்டங்கள் வந்தன. அவ்வாண்டு டிசம்பரிலேயே புதிய அரசு அவற்றை நீக்கியது! இரண்டு தீவுகளும் அரைக்கோடி மக்களும் கொண்ட, வளம் மிக்க நாட்டிலேயே இப்பாடு என்றால் நாம் அவசரப்படலாகாது. ஆனால் அவர்கள் கண்ட குறையும் பாலாற்றின் குறையும் ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே நம் முதல் நெறி இதுவாக இருக்க வேண்டும்: முதலில் ஆற்றுக்குக் கணக்கெழுதுங்கள்; பிறகு ஆலைக்கு எழுதுங்கள். பாலாற்றுப் படுகை ஆண்டொன்றுக்கு எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று வரையறுத்து, அந்த மொத்தத்திற்குள்ளேயே எல்லா இசைவாணைகளும் அடங்க வேண்டும். 2019இல் வேலூர் மாவட்டம் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என மூன்றாகப் பிரிந்தது, ஆறு பிரியவில்லை. மேலே ஆம்பூரில் கொடுக்கும் அனுமதியின் விளைவைக் கீழே ராணிப்பேட்டையில் உள்ளவர் அனுபவிக்கிறார். உழவையே நம்பிய கலவை, திமிரி பக்கத்து மக்களுக்கும் இந்தக் கணக்கில் பேச இடம் வேண்டும்.

தாமதத்தைப் பற்றிய தொழிலதிபர்களின் குறை நியாயமானது. நான்கு மாதங்களுக்குள் வாரியம் முடிவு சொல்லாவிட்டால் இசைவு அளிக்கப்பட்டதாகவே கொள்ளலாம் என்று 25ஆம் பிரிவு இப்போதே சொல்கிறது. அதிகாரி உறங்கினால் ஆறு தண்டனை பெறுவது என்ன நீதி? காலக்கெடு இருக்கட்டும், தவறும் அதிகாரி பதில் சொல்லட்டும். மௌனம் சம்மதம் ஆகக் கூடாது. இசைவாணையை வழங்குபவரும் கண்காணிப்பவரும் ஒருவராகவே இருப்பதும், ஆட்கள் போதாமையால் ஆய்வே நடவாமலிருப்பதும் தனிப் பிரச்சினைகள். ஆட்களை நியமிக்காமல் சட்டத்தை மட்டும் திருத்துவது, உஸ்தாத் இல்லாத மதரஸாவுக்குப் புதிய பாடத்திட்டம் அனுப்புவது போன்றதே.

நம் ஃபிக்ஹு நூல்களில் ‘ஹரீம்’ என்றொரு கருத்து உண்டு. கிணறு, ஊற்று, ஆறு ஆகியவற்றைச் சுற்றி, அவற்றிற்குக் கேடு வராதபடி பிறர் பயன்படுத்தக் கூடாத ஒரு காப்பெல்லையை வகுப்பது அது. உதுமானியப் பேரரசு பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொகுத்த மஜல்லா சட்டத்தில் கிணற்றின் ஹரீம் நாற்பது முழம் என்று வரையறுக்கப்பட்டது. 213ஆம் அரசாணையின் ஒரு கிலோமீட்டர் எல்லையும் இக்காலத்து ஹரீம்தான். தோல் தொழிலில் முன்னிற்கும் சமுதாயம், இதனை வெளியிலிருந்து வந்த தொல்லையாகக் கருத வேண்டியதில்லை.

வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை

சட்டம் திருந்தும்வரை கைகட்டி இருக்க வேண்டுமா? இருக்கும் சட்டத்திலேயே நாம் பயன்படுத்தாத வாயில்கள் சில உள்ளன. 25ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவு, வாரியம் இசைவாணை நிபந்தனைகள் அடங்கிய பதிவேடு ஒன்றைப் பேண வேண்டும் என்றும், கழிவால் பாதிக்கப்படும் எவரும் அதனைப் பார்வையிடலாம் என்றும் கூறுகிறது. வாணியம்பாடியில் உள்ளது போன்ற மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் அதனைக் கேட்கும் உரிமை கிணறு கெட்ட எந்த வீட்டாருக்கும் உண்டு. மறுத்தால் 2005இன் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. அப்பதிவேடு எளிய தமிழில் தொழிற்சாலை வாயிலிலேயே எழுதப்பட வேண்டும் என்பதும் நம் திருத்தக் கோரிக்கைகளில் சேரட்டும். 49ஆம் பிரிவின்படி, அறுபது நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு ஒரு தனி மனிதரே நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் உண்டு.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ்ப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடைபெறுமானால், முப்பது நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். ஆய்வறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் கிடைக்க வேண்டும். அறிவிப்பு வருகிறது, எவர் கண்ணிலும் படுவதில்லை. ஜமாஅத்தின் அறிவிப்புப் பலகையில் ஜனாஸா அறிவிப்புக்குப் பக்கத்தில் இதனையும் ஒட்டி வைக்க எவ்வளவு நேரமாகும்? அக்கூட்டங்களில் பெரும்பாலும் ஆண்களே பேசுகின்றனர், அவர்களிலும் பாதிப்பேர் வேலை போய்விடுமோ என்ற அச்சத்தோடு. தண்ணீரின் சுவை மாறியதை முதலில் அறிபவர் அடுப்படியில் நிற்பவர். அவர் எழுந்து, எந்த ஆண்டு முதல் பருப்பு வேகாமற் போனது, எந்த ஆண்டு முதல் குடத்தில் வெள்ளை படிந்தது, மாதம் எத்தனை ரூபாய் கேன் தண்ணீருக்குப் போகிறது என்று சொல்வாரேயானால், அது கூட்ட நடவடிக்கையில் எழுத்தாகப் பதிவாக வேண்டும். கூட்டத்திற்கு நேரில் செல்ல இயலாதவர்கள் அதே செய்தியை எழுதிக் கையொப்பமிட்டு, குறித்த நாளுக்குள் வாரியத்திற்கு அனுப்பலாம். அதற்கும் அந்த அறிவிக்கையில் இடமுண்டு.